ஏற்றத்தில் மட்டும் நின்றுபோன ஹீட்டர் ஃபேன்

சங்கத்து விழாவில் மேடையேறிப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட வந்தார்கள். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரைக்கும் உள்ள ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள் எல்லாரும் வருவார்களாம். அந்த வேலை பார்த்த பொம்பளை என்று இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதானாம். வந்த பிள்ளைகளிடம் தலையை ஆட்டிவிட்டேன். அவர்கள் போன பிறகு அடுப்படியில் நின்று பேசிப் பார்த்தேன். நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் படித்தது அஞ்சாவது. பிழை இருந்தால் வாசிக்கிறவர்தான் திருத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது காருக்குள் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் கோளாறு எங்கே என்று அதுவே எழுத்தில் காட்டுகிறது. போய்ப் பார்த்தேன். நல்ல சாமான்தான். அது அன்றைக்கு எங்களிடம் இருந்திருந்தால் ராசையா அண்ணன் காரைப் பற்றி என்ன எழுதியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அந்தக் காரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

சின்னமனூரில் சுருளியாண்டி அண்ணன் பட்டறைக்குப் பின்சந்தில் எங்கள் வீடு. தொண்ணூற்றாறில் கூட்டிப் பெருக்கத்தான் அங்கே போனேன். பிறகு கருகிப்போன மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை உருவி எடுக்கச் சொன்னார்கள். உருவிக்கொண்டே இருந்ததில் எப்படிச் சுற்றியிருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிட்டது. சுற்றவும் ஆரம்பித்தேன். என் கை சின்னக் கை. ஆம்பளைகள் கை போகாத சந்துக்குள் எல்லாம் அது போகும். அதனால் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்க்கிற வேலை முழுக்க என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. தலையை உள்ளே விட்டுவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

சுருளியண்ணன் அதிர்ந்து பேச மாட்டார். வண்டி வந்தால் முதலில் ஓட்டிவந்தவரை உட்காரவைத்துக் கோளாறைச் சொல்லச் சொல்வார். முழுக்கக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்க என்பார். முதல் தடவை சொல்லும்போது கோபம்தான் வரும், ரெண்டாம் தடவைதான் வண்டி வரும் என்பது அவருடைய எண்ணம். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. கோளாறைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழட்டக் கூடாது. யாராவது அவசரப்பட்டுக் கழட்டினால் திட்ட மாட்டார். ஸ்குரூ டிரைவரை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டே பரவாயில்லை என்று இருக்கும்.

ஒரு மினிபஸ் இடது பக்கம் ஒடித்தால் தானாக ஹாரன் அடிக்கிறது என்று வந்தது. ஸ்டீயரிங் தண்டுக்குள் கம்பியின் தோல் உரசித் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து, வெளியே வராமலே அடியிலிருந்து முணுமுணுத்தேன். வந்திருந்தவர்களிடம் அண்ணன் சொன்னார்: "நான் சொல்லல. பவுன்தாயக்கா சொல்றாக." அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். நான் வண்டிக்குள் சொல்வேன், அவர் வெளியே சொல்வார், என் பேரை மட்டும் விட மாட்டார்.

ராசையா அண்ணன் மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கார் டிரைவர். மூக்கு உருண்ட பழைய கார். கடமலைக்குண்டில் ஒரு இலவம் பஞ்சு யாவாரியிடமிருந்து எஸ்டேட்காரர்கள் வாங்கியது. தோட்டத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் யாருக்காவது முடியாமல் போனாலோ, பிள்ளைப்பேறு என்றாலோ அந்தக் காரில்தான் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவார். மலையில் ஆடி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் பட்டறைக்கு வந்தார். முன்பக்கம் இடது விளக்கு உடைந்திருந்தது.

உட்காரவைத்துக் கேட்டார் அண்ணன். மேலே மேகத்துக்குள் ஏறியதும் கார்க் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப்போகிறது. நனைந்த கம்பளியோடு நாலு பேர் உள்ளே மூச்சுவிட்டால் பாலைத் தெளித்த மாதிரி ஆகிவிடும். ஹீட்டர் ஃபேனைப் போட்டால் சூடான காற்று அடித்துக் கண்ணாடி தெளிய வேண்டும். ஃபேன் சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற நேரத்தில்தான் ஒரு வளைவில் மண் கரையில் இடித்துவிட்டார். யாருக்கும் அடி இல்லை.

அண்ணன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ரெண்டாம் தடவையில்தான் விஷயம் வந்தது.

"வேறொரு பட்டறையில காட்டுனேன். ஃபேன் நல்லாத்தான் ஓடுதுன்னுட்டாக. மேனேஜர் அய்யா, அப்ப கண்ணாடி மேல தப்பில்ல, ஒன் கண்ணு மேலதான் தப்புங்கிறாரு. இங்கனயும் அதையே சொன்னீகன்னா சாவியக் குடுத்துட்டுக் கொழுந்து நிறுக்குற எடத்துக்குப் போகணும். டிரைவர் வீட்டையும் காலி பண்ணணும்."

அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உள்ளே படுத்தேன். அந்தக் காரில் ஹீட்டர் என்பது இடது பக்கம் கால் வைக்கிற இடத்துக்கு மேலே ஒரு தகரப் பெட்டி. இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் ரெண்டு ஹோஸ் வழியாக அதற்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டருக்கு வரும். ஃபேன் வெளிக்காற்றை இழுத்து அதன் மேல் ஊதும். சுவிட்சைப் போட்டேன். ஓடியது. நின்று ஓடவும் இல்லை, முனகவும் இல்லை. ஃபியூஸ் சரி. எர்த் கம்பியை ஆட்டினேன், இழுத்தேன். சுவிட்சைத் தட்டினேன். பெட்டியைக் கையால் குத்தினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேலே வெயில் சுள்ளென்று அடிக்க, என் முகத்தில் இன்னும் கொஞ்சம் அனல் அடித்தது. எங்கள் ஊரில் ஹீட்டரை யார் போடுவார்கள்.

ராசையா அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ஓடுதா?"

ஓடுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர் வீடு போய்விடும்.

சுருளியண்ணன் மலைப் பக்கம் பார்த்தார். அப்புறம், "இங்கன பாத்தா எப்படித் தெரியும். அது நிக்கிற எடத்துக்குப் போவோம்" என்றார். ராசையா அண்ணன் ஓட்ட, அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். முன் இடது சீட்டைக் கழட்டிப் பட்டறையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கோணியை விரித்து நான் படுத்துக்கொண்டேன். தலை டேஷ்போர்டுக்கு அடியில். ஒரு கையில் டார்ச், ஒரு கை ஹீட்டர் பெட்டி மேல். என்னைப் பார்த்து அண்ணன், "மலையேறப் போறவுக சன்னலோரம் கேப்பாக. இவுகளப் பாரு, பொட்டிக்கு அடியில எடம் புடிச்சிருக்காக" என்று சிரித்தார்.

நான் அதுவரைக்கும் மேகமலைக்குப் போனதே இல்லை. முதல் தடவை போனது இப்படித்தான், மல்லாக்கப் படுத்துக்கொண்டு. ரோடு எனக்குத் தெரியாது. கதவுக் கண்ணாடி வழியாக மேலே இருக்கிறது மட்டும்தான் தெரிந்தது. முதலில் வெறும் வானம். அப்புறம் தென்னை ஓலை. அப்புறம் பாறை, பாறையில் வேர். வளைவு வந்தால் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிரும். குண்டும் குழியுமான ரோடு முதுகில் ஏறி இறங்கியது. போகப் போக இலைகள் கறுத்தன. காது அடைத்துத் திறந்தது. பிறகு இலையும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, வெள்ளை மட்டும். அந்த வெள்ளைக்குள் மரம் வருவதும் கரைவதுமாக இருந்தது. எங்கேயோ யாரோ கூப்பிடுவது மாதிரி ஒரு குருவி.  ஃபேன் மட்டும் என் உள்ளங்கைக்கு அடியில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போன நேரம் அது.

அப்படி இருக்கும்போதுதான் கை சொன்னது. ஒரு செங்குத்தான ஏற்றம். பெட்டிக்குள் ஏதோ ஒன்று மெத்தென்று நகர்ந்தது. கூடைக்குள் படுத்திருக்கிற கோழி திரும்பிப் படுக்குமே, அந்த மாதிரி. ஃபேனின் சத்தம் தேய்ந்து, இழுத்து, நின்றுவிட்டது.

"நின்னுருச்சு" என்றார் ராசையா அண்ணன். பயமும் சந்தோஷமும் சேர்ந்த குரல். அவர் பிரேக்கை மிதித்து அங்கேயே நிறுத்தினார். அண்ணன் இறங்கி டயருக்குக் கல் வைத்தார்.

டெஸ்ட் லேம்ப்பின் கொக்கியைக் கார் பாடியில் மாட்டி, முனையை ஃபேன் மோட்டாருக்கு வருகிற கம்பியில் வைத்தேன். விளக்கு நன்றாக எரிந்தது. கரண்ட் வருகிறது. எர்த் முனையிலும் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை, அப்படியென்றால் எர்த் சரி. மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கிறது, உடம்பு சுடுகிறது. கம்பியில் கோளாறு இல்லை. சுற்ற விடாமல் எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவிட்சை அணைக்கச் சொன்னேன்.

எனக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. ஆனாலும் சட்டம் இருக்கிறதே. அண்ணனைப் பக்கத்தில் வரச் சொல்லி, காரைத் திருப்பி மூக்கு கீழே பார்க்க நிறுத்தலாமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் மேலே ரோடு அகலமாக இருந்த இடத்தில் திருப்பி, அதே ஏற்றத்தில் கீழ்ப்பக்கம் பார்க்க நிறுத்தினார்கள். சுவிட்சைப் போட்டதும் மெத்தென்று அந்தக் கோழி எழுந்து போனது. ஃபேன் சுற்றியது. மறுபடி திருப்பினார்கள். நின்றது.

"ஸ்குரூவக் கழட்டலாம்" என்றார் அண்ணன்.

பெட்டியின் மேல் மூடியைத் திறந்து கையை விட்டேன். காற்று வருகிற குழாய் வளைகிற இடத்தில் விரலுக்கு வழுவழு என்று ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தேன். இலவம் பஞ்சு. ஒரு கை நிறைய, உருண்டையாக, மக்கிப்போன வேட்டித் துணி ஒட்டிக்கொண்டு வந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். எங்கள் பக்கத்தில் எந்த ஓட்டையாக இருந்தாலும் இலவம் பஞ்சைத்தான் அடைப்போம். காதுக்கும் அதுதான், பானை வாய்க்கும் அதுதான். கடமலைக்குண்டு வெயிலில் காலில் அனல் அடிக்கிறது என்று அந்த யாவாரி தன் கடைச் சரக்கையே துணியில் கட்டிக் குழாயில் அடைத்திருக்கிறார். அவர் இருந்த இடத்துக்கு அது தப்பே இல்லை. கார் மலைக்கு வந்துவிட்டது, பஞ்சும் கூடவே வந்துவிட்டது. இத்தனை வருஷம் துணி பிடித்து வைத்திருந்தது. ஈரத்தில் துணி மக்கியதும் பஞ்சு அவிழ்ந்து, கார் மூக்கைத் தூக்கினால் ஃபேன் மேல் சாயும், சமதளத்துக்கு வந்தால் விலகிப்படுக்கும்.

சுருளியண்ணன் சொன்னார்: "ராசையா, நாங்க சின்னமனூர்லயே கழட்டியிருந்தா பஞ்சப் பாத்துருப்போம். ஆனா அதுதான் நிப்பாட்டுச்சுன்னு ஒன் மேனேஜர்ட்ட எந்த வாயால சொல்றது. இப்பச் சொல்லலாம்." ராசையா அண்ணன் பஞ்சை வாங்கி வைத்துக்கொண்டார். எறியவே மனசில்லாத மாதிரி கையிலேயே வைத்திருந்தார்.

பஞ்சை எடுத்ததோடு முடியவில்லை. அடிக்கடி நின்று உறுமியதில் மோட்டார் வெந்திருந்தது. பட்டறைக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கார்பன் பிரஷ் குட்டையாகிவிட்டது, பிரஷ் ஓடுகிற செம்புப் பட்டைகளில் ரெண்டு தூக்கிக்கொண்டிருந்தன. சுற்றித் தருகிறேன் என்றேன். அண்ணன் பட்டையை நகத்தால் தொட்டுக் காட்டினார். கம்பி புதுசாக இருந்து என்ன, பட்டை ஆடினால் மறுபடி மலையில் நிற்கும். இந்தக் காருக்குப் புது மோட்டார் எங்கும் இல்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடி, தண்டு அளவு ஒத்துவருகிற ஒன்றை வாங்கிவந்தார்.

மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றியது. காந்தம் வைத்த மோட்டார்தான், ரெண்டு கம்பியையும் மாற்றிக் கொடுத்ததும் நம் பக்கம் திரும்பியது. பழைய தண்டிலிருந்து ஃபேன் சக்கரத்தைக் கழட்டுவதுதான் பாடு. துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தது. சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்து, காலையில் சுடுதண்ணீரை மெல்ல ஊற்றித் திருகினேன், வந்துவிட்டது. புதுத் தண்டில் மாட்டிக் கையால் சுற்றிவிட்டால் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பக்கம் கனம். எதிர்ப் பக்கத்து இதழில் கடுகளவு ஈயம் வைத்தேன். பிறகு எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. லாரி டியூபை வெட்டி மூடிக்கு வாஷர் போட்டேன். ஹோஸில் தண்ணீர் சூடாக வருகிறதா என்று ரெண்டையும் தொட்டுப் பார்த்தேன். குழாய் வாயில் இனி எதுவும் உள்ளே போகாமல் கம்பி வலை அடித்தேன்.

மேனேஜர் அய்யா பார்க்க வேண்டும் என்பதற்காக மறுபடி மலையேறினோம். இந்தத் தடவை நான் பின்சீட்டில். எஸ்டேட் வாசலில் அவர் குடையோடு வந்து முன்னால் ஏறினார். கேரளாப் பக்கத்துக்காரர், சாந்தமான மனுசர். கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. ராசையா அண்ணன் சுவிட்சைப் போட்டார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணாடியின் அடியில் ரெண்டு பிறை மாதிரித் தெளிந்தது. பிறை வளர்ந்து வளர்ந்து மேலே ஏறியது. அதற்குள் முதலில் தேயிலைச் செடி வந்தது, அப்புறம் ரோடு, அப்புறம் ரோட்டோரம் ஒரு மாடு, கடைசியாக மேகம். யாரோ எங்களுக்காக மலையை மெல்லத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது. அந்த ஏற்றத்தில் போய் நிறுத்தினார். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேனேஜர் பஞ்சு உருண்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மதி" என்றார். அவர்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம். "ராசையா, நான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்." ராசையா அண்ணன் வண்டியை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களைக் கீழே விடுவதற்காக ராசையா அண்ணனே ஓட்டிவந்தார். ஒரே பாட்டும் பேச்சும். மேகம் விலகி வெயில் வந்துவிட்டது. கண்ணாடி கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான் பின்சீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரே ஒரு அம்மா விறகுக் கட்டோடு ஏறிவந்தது. தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கார் வேகம் குறையவில்லை. ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் அவர் சட்டென்று ஒடித்தார். ஒடித்துவிட்டு மறுபடி பேச்சைத் தொடர்ந்தார்.

கண்ணாடியில் ஒரு துளி வெள்ளை இல்லை.

முன்சீட்டிலிருந்து சுருளியண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவரும் பார்த்திருக்கிறார். வெளியே சொல்கிறவர் அவர்தான், அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை. இந்த மனுசனுடைய வீட்டை இப்போதுதான் மீட்டுக் கொடுத்திருக்கிறோம். அவருக்கும் வாய் வரவில்லை போல. பின்சீட்டில் உட்கார்ந்து வரப்போகிற பிள்ளைத்தாய்ச்சிகளை நினைத்தேன்.  நானே கேட்டேன்.

"அண்ணே, இப்பப் போச்சே ஒரு அம்மா, அது என்ன நெறத்துல சேல கட்டியிருந்துச்சு?"

"சேலையா? விறகுல்ல வந்துச்சு."

"அந்தா வளைவுல ஒரு போர்டு இருக்கு. அதுல எழுத்து இருக்கா, படம் இருக்கா?"

 அவர் போர்டு கிட்டே வரும்வரை பார்த்துக்கொண்டே ஓட்டினார். அதில் யானை வரைந்திருந்தது. காரை ஓரமாக நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். சத்தம் அடங்கிய பிறகு அந்த மலை எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

"மேனேஜர்ட்டப் போய்ச் சொல்லிருவீகளாக்கா?"

"நாங்க சொல்ல மாட்டோம். நீங்க போய்க் கண்ணக் காட்டுங்க. அதுவரைக்கும் ஆள ஏத்தாதீக."

இவ்வளவு நீளமாக நான் ஒரு ஆம்பளையிடம் பேசியது அன்றைக்குத்தான். அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு இறங்கி, சுற்றிவந்து, சுருளியண்ணனிடம் சாவியை நீட்டினார். மிச்ச ரோட்டை அண்ணன்தான் ஓட்டினார். ராசையா அண்ணன் என் பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே எதையோ தேடிக்கொண்டே வந்தார்.  

அதற்குப் பிறகு அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. வேறு டிரைவர் அந்தக் காரைக் கொண்டுபோவதை ஒரு தடவை பார்த்தேன். நான் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று கம்பி சுற்றும்போதெல்லாம் சுற்று எண்ணிக்கை தவறியது. அண்ணன் கவனித்தார். 

ஆடி கழிந்து ஒரு மத்தியானம், கார் வந்து பட்டறைக்கு முன்னால் நின்றது. ராசையா அண்ணன்தான் ஓட்டிவந்திருந்தார். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். தேனியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாராம். இது போட்டால் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதை அவரே மேனேஜரிடம் போய்ச் சொன்னாராம். மேனேஜர் அவரைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு, தானே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை கீழே போய்வந்து, சாவியைக் கொடுத்துவிட்டாராம். இதையெல்லாம் அவர் சுருளியண்ணனிடம்தான் சொன்னார். நான் ஒரு காருக்கு அடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் குனிந்து, அடியில் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யக்கா, நீங்க மூக்குத்தி போட்டுருக்கீகளா? எத்தன தடவ வந்துருக்கேன், இன்னைக்குத்தான் தெரியுது."

நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். சுருளியண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் கேட்டதில்லை.

பின்சீட்டில் ஒரு சின்னப் பொண்ணு, ஆஸ்பத்திரியிலிருந்து பச்சைப் பிள்ளையோடு மேலே போய்க்கொண்டிருந்தது. பிள்ளை துணிக்குள் சுருண்டு தூங்கியது. நேரமாகிறது என்று ராசையா அண்ணன் ஏறிக்கொண்டார். ரோட்டில் ஒரு சைக்கிள் வந்தது. அது தூரத்தில் இருக்கும்போதே நின்று, அதற்கு வழிவிட்டு, பிறகுதான் கிளம்பினார்.